இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரு கணக்கும்

அலைபேசிக்குள் ஒரு குழு குடியிருந்தது. ‘வெற்றி நமதே படிப்பு வட்டம்’ என்று பெயர். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் அந்தக் குழுவுக்குள் ஒரு கேள்வி வந்து நின்றது. அனுப்பியவள் மாரீஸ்வரி. சிவகாசியில் நோட்டுப் புத்தகம் தைக்கிற பட்டறையில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் விரலில் இருந்த பசையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அவள் தட்டிய கேள்வி இது:

“பன்னிரண்டு பேர் ஒரு வேலையைப் பத்து நாளில் முடிப்பார்கள். நான்கு நாள் கழித்து மூன்று பேர் விலகிப்போனால், மீதி வேலை முடிய இன்னும் எத்தனை நாள் ஆகும்? யாராவது சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. வயசு வரம்பு எனக்கு இதோட முடியுது.”

முதல் ஒரு மணி நேரத்திலேயே நூற்று முப்பது பேர் கேள்வியைப் பார்த்துவிட்டார்கள். கேள்விக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை கண் நம்மேல் படுகிறதே, இனி என்ன கவலை என்று நினைத்தது.

அன்று மாலை, கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் வேலைக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்த, அதே குழுவில் இருக்கிற தங்கத்துரையின் மண்டைக்குள் ஒரு விடை பிறந்தது. ஆள் குறைந்தால் வேலை எவ்வளவு இழுக்கும் என்று பங்கில் நிற்கிறவனுக்குத் தெரியாதா? எட்டு நாள். சரியான விடை.

தங்கத்துரை அலைபேசியை எடுத்து எழுத ஆரம்பித்தான். குழுவின் நெற்றியில் ‘தங்கத்துரை எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று ஒரு வரி மின்னியது. அது மின்னுகிற நேரம் மட்டும் உள்ளே இருக்கும் விடையால் வெளியே இருக்கும் கேள்வியோடு பேச முடியும்.

“ஏ, கேள்வி! நான் வந்துட்டேன்” என்றது விடை.

“வா வா! உன்னத்தான் பாத்துட்டு நிக்கேன். சீக்கிரம் வெளிய வா.”

“அவன் விரல எடுத்து அமுக்கணும்ல. கொஞ்சம் பொறு.”

விரல் அமுக்கவில்லை. எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தது. போன மாதம் தங்கத்துரை ஒரு விடை போட்டு அது தப்பாகிப் போயிருந்தது. பதினேழு சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டின. அந்தப் பதினேழும் இன்னும் அவன் கண்ணுக்குள் இருந்தன.

அழித்தால் விடை செத்துப்போவதில்லை. தெரிந்தவன் நெஞ்சுக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இடமெல்லாம் தாராளம்தான், பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம் குழுவுக்குள் வந்து, கேள்வியை ஒரு படி மேலே தள்ளியது.

“ஏங்க, ஒரு கணக்கு...” என்றது கேள்வி.

“நான் கணக்குக்கு வரலம்மா. எல்லாரும் நல்லாருக்கணும்னு சொல்ல வந்தேன்” என்றது காலை வணக்கம்.

அதன் பின்னாலேயே ஒரு கட்டைவிரல் வந்து கேள்வியின் காலடியில் ஒட்டிக்கொண்டது.

“விடை தெரியுமா அண்ணாச்சி?” என்று கேள்வி ஆசையாகக் கேட்டது.

“தெரியாது. பாத்தாச்சுன்னு காட்டணும்ல, அதுக்குத்தான்.”

அன்றைக்குப் பார்த்து குழுவை நடத்துகிற சாருக்குப் பிறந்தநாள். வாழ்த்துச் சொல்ல நூற்றெட்டுப் பேருக்குக் கை வந்தது. கேக், பட்டாசு, பூங்கொத்து என்று ஒவ்வொன்றும் வந்து விழ விழ, கேள்வி மேலே மேலே போய், யார் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற வீட்டில் அப்படி ஒரு தனிமை. எனக்கே எரிச்சலாக வருகிறது, அதற்கு எப்படி இருந்திருக்கும்!

சாயங்காலம் அந்த வரி மறுபடி மின்னியது.

“இருக்கியா?” என்றது விடை.

“இருக்கேன். என்னய அனுப்புனவ நேத்திலேர்ந்து பதினோரு தடவ வந்து பாத்துட்டா. வந்து பாக்கா, ஒண்ணும் சொல்லாமப் போயிருதா. அதப் பாக்கத்தான் சங்கடமா இருக்கு.”

“இவனுக்கும் மனசு கேக்கல. அவளுக்குத் தனியா அனுப்பிரலாமான்னு பாத்தான். பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தனியா மெசேஜ் போடக் கூடாதுன்னு குழுவுல சட்டம் இருக்கே.”

“அப்போ எல்லார் முன்னாலயும் வந்துரு.”

“தப்பா இருந்தா?”

“தப்பாவே இருந்துட்டுப் போ. வந்துரு, அது போதும்.”

விடை கிளம்பத் தயாரானது. ஆனால் எப்படியும் சார் சொல்லிவிடுவார், நமக்கு எதற்கு வம்பு என்று தங்கத்துரை நினைத்தான். மறுபடி அழித்தான்.

சனிக்கிழமை மதியம். பட்டறையில் மாரீஸ்வரி பன்னிரண்டாவது தடவையாக அலைபேசியைத் திறந்தாள். இப்போது நூற்றுத் தொண்ணூறு பேர் பார்த்திருந்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு போலக்கா. இதக்கூடவா இவ கேக்கான்னு நெனச்சிருப்பாங்க” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அதே நேரம் பங்கில் ஒரு லாரிக்கு டீசல் போட்டு அனுப்பிவிட்டு, தங்கத்துரை நிழலில் ஒதுங்கினான். நாளைக்குப் பரீட்சை என்பது அவனை அரித்தது. யார் சிரித்தால் என்ன என்று, நேற்றும் முந்தாநேற்றும் வராத தைரியத்தோடு எழுதினான். “மொத்த வேலை நூற்றிருபது. நாற்பத்தெட்டு முடிஞ்சுது. பாக்கி எழுபத்திரண்டு. ஒன்பது பேர் செய்தால் எட்டு நாள்.”

“கேள்வி! இந்தத் தடவ நிச்சயம்!” என்று விடை உள்ளேயிருந்து கத்தியது.

மேலேயிருந்து சத்தம் வரவில்லை. தூங்குகிறது போல என்று விடை நினைத்தது.

விரல் அமுக்கியது. விடை துள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு வரி கிடந்தது: ‘மாரீஸ்வரி குழுவிலிருந்து விலகினார்.’ விடை பதறிப்போய் ரோஜாவையும் கேக்கையும் பட்டாசையும் கடந்து கேள்வி நின்ற இடத்தை எட்டிப் பார்த்தது. அங்கே, ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தது.

ஒரு நிமிடம். அவ்வளவுதான் பிந்தியது.

இரண்டு நாளாக அந்தக் கேள்விக்கு வாய் திறக்காத குழு இப்போது விழித்துக்கொண்டது.

“என்ன அழிச்சாங்க?”

“ஏன் விலகிட்டாங்க? ஏதாவது பிரச்சினையா?”

“அந்த ஆட்கள் கணக்கா? எனக்கும் அது தெரியாது. யாராவது போடுவாங்கன்னுதான் பாத்துட்டே இருந்தேன்.”

“நானும்தாங்க.”

விடையின் காலடியில் கட்டைவிரல்கள் வந்து ஒட்ட ஆரம்பித்தன. ஒன்று, பத்து, நாற்பது. விடை அவற்றில் ஒன்றையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சரியாக இருந்து என்ன? யாருக்காகப் பிறந்ததோ அவள் இல்லை.

கடைசியில் சார் வந்தார். “தங்கத்துரை, அருமை. ஒரு விடை தெரிஞ்சா உடனே போட்டுடணும், எல்லாருக்கும் உதவும். மாரீஸ்வரிக்கு என்ன ஆச்சுன்னு யாருக்காவது தெரியுமா?”

‘தங்கத்துரை எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று வரி மின்னியது. வெகு நேரம் மின்னியது.

பிறகு மறைந்தது.