பத்மாசனி மேடத்தின் கோடு

"முப்பது வருஷக் கணக்கு, மேடம். விடை பூஜ்யம்" என்றார் அருமைநாயகம். "நாளையோட ரிட்டயர்மென்ட், நான் எடுக்கற கடைசி வகுப்பு. பசங்க முன்னால எந்த முகத்தோட போய் நிக்க?"

பத்மாசனி மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எண்பத்திரண்டு வயது. இயற்பியல் பேராசிரியர் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் வீட்டுக் கூடத்துக் கரும்பலகையை மட்டும் விடவில்லை.

அவரிடம் படித்த நாட்களை நினைத்தாலே அருமைநாயகத்துக்கு மனசு இனிக்கும், ஒன்றைத் தவிர. எந்தக் கணக்கானாலும் மேடம் முதலில் பலகையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார். இதைவிடச் சின்ன தூரத்தில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது என்பது அதன் பொருள். லட்சுமணன் கோடு என்று மாணவர்கள் கேலி செய்வார்கள்.

அருமைநாயகத்துக்குத்தான் அது பொறுக்கவில்லை. தெரியாது என்று சொல்லவா இத்தனை படிப்பு? மின்காந்த விதியைத் துளி தூரமும் மிச்சமில்லாமல் புள்ளிவரைக்கும் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று வீம்பு பேசிவிட்டுப் போனவர், இப்போது தலை நரைத்து வந்து நிற்கிறார்.

"என்ன பண்ணினே, சொல்லு."

சொன்னார். எந்த மின்னூட்டமும் தனியாக இருப்பதில்லை. வெற்றிடமே அதைச் சூழ்ந்து மறைக்கிறது. மறைத்தது போக மிச்சம்தான் வெளியே எட்டுகிறது. கோட்டை இன்னும் இன்னும் சின்ன தூரத்துக்கு உள்ளே தள்ளத் தள்ள மறைப்பு கூடிக்கொண்டே போகிறது. கோட்டையே அழித்துவிட்டால் வெளியே ஒன்றும் எட்டுவதில்லை. அந்தக் கணக்குப்படி காந்தம் இழுக்காது, விளக்கு எரியாது.

"தப்பு எங்கேன்னு தேடித் தேடி ஓஞ்சு போயிட்டேன், மேடம். கணக்குல தப்பே இல்ல."

மேடம் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். இருபத்தெட்டு வயதில் அவர் எழுதியது. பக்கம் பக்கமாக இதே கணக்கு. ஓரத்தில் கோடு கிடையாது. முடிவில், தாள் கிழியும்படி அழுத்தி எழுதிய ஒரு பூஜ்யம். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் முதல் கோடு இருந்தது.

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சும் ஏன் மேடம் எங்கிட்ட சொல்லல?"

"தினம் சொன்னேனே. வகுப்புக்குள்ள வந்ததும் முதல் வேலையா."

எத்தனை காலை வேளைகள் அருமைநாயகம் அந்தக் கோட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறார்.

மேடம் சாக்பீஸை நீட்டினார். "நாளைக்கு எப்படி ஆரம்பிப்பே, காட்டு."

அருமைநாயகம் பலகை முன்னால் போய் நின்றார். பிறகு கை தானாக இடது ஓரத்துக்குப் போனது. மேலிருந்து கீழாக இழுத்தார்.

"நேரா இருக்கான்னு தெரியலை. இருட்டிடுத்து" என்றார் மேடம், அந்தக் காலத்துக் கண்டிப்போடு. "விளக்கைப் போடு."

ஸ்விட்சைத் தட்டினார். எரிந்தது.