எழுதியவர் வாசலுக்கு வரக் கூடாது

மாராத்தாள் எழுதிய துண்டறிக்கைகளில் ஒன்றில்கூட மாராத்தாள் என்ற பெயர் கிடையாது. மில் தொழிலாளர்களுக்காக முப்பது வருடம் எழுதினார். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது; மீதியை நோட்டீஸ் படித்தே கற்றுக்கொண்டார். பெயர் போட்டு எழுதியவர்கள் சிலர் பிற்பாடு பதவிக்குப் போனார்கள். அவர் சங்க அலுவலகத்தின் மாடியிலேயே இருந்தார்.

அவரிடம் எழுதப் பழகியவன் நவநீதன். வயது முப்பத்தொன்று. பம்புசெட் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை. எம்.பி.ஏ. படிக்கப் பெரிய கல்லூரிகளுக்கு நான்கு வருடமாக விண்ணப்பித்து, நான்கு முறையும் தோற்றவன். அந்தத் தோல்விகளையே 'ஐந்தாம் முயற்சி' என்ற பெயரில் வலைப்பதிவாக எழுதிவந்தான். எழுதுகிறவன் யாரென்று மாராத்தாளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. படிக்கிறவர்கள் நாலாயிரம் பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மாடிப்படி ஏறி வந்தபோது, அவர் மே தின ஊர்வல நோட்டீஸ்களை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா முதலாளி. சீட்டு கிடைச்சுதா?"

"இல்லீங்க தோழர். மேனேஜர் சிபாரிசுக் கடிதம் தரணும். புதன்கிழமை கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கார். அது இல்லைன்னா இந்த வருஷமும் போச்சு."

"போன மாசம் கிழிகிழின்னு கிழிச்சு எழுதியிருந்தியே, அந்த மேனேஜரா?"

"அவரேதாங்க."

"சம்பள உயர்வு கேட்டா மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிக்கிறவன். வாய்விட்டுச் சிரிச்சேன். நாளைக்கு நீயும் அதே மாதிரி துடைக்கத்தானே படிக்கப் போறே?"

நவநீதன் சிரிக்கவில்லை. ஒரு கட்டு நோட்டீஸை எடுத்து அவனும் மடிக்கத் தொடங்கினான்.

"தோழர், படிக்கிறவங்களுக்கு நாம எவ்வளவு தூரம் கடமைப்பட்டிருக்கோம்?"

"யாரு கேக்கறா?"

"கரிசல்ங்கற புனைபேர்ல என் பதிவைப் படிக்கிற ஒருத்தன். கோவில்பட்டிப் பக்கம். அவனும் நாலு தடவை தோத்தவன். முதல்ல என் மார்க்கைக் கேட்டான், சொன்னேன். அவன் விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னான், தந்தேன். இப்பப் பேரைக் கேக்கறான்."

"ஓஹோ."

"'வீட்டுல சொல்லாததைக்கூட உங்ககிட்ட சொல்றேன், நீங்க உங்க பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்கறீங்களே'ன்னு எழுதியிருக்கான். எனக்கு வெக்கமாப் போச்சு. பேரு, கம்பெனி, போன் நம்பர் எல்லாம் எழுதி வச்சிருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பலாம்னு வந்தேன்."

அலைபேசியை அவர் முன்னால் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை.

"அவன் வெளியில சொல்ல மாட்டானா?"

"சத்தியமா மாட்டான். நல்லவன்."

"சரி. ஸ்டோர்ஸ் ரூம்ல உக்காந்து அழுத பொம்பளையைப் பத்தி எழுதியிருந்தியே. யாரு அவ?"

நவநீதனின் கை நின்றது.

"அதைச் சொல்ல முடியாதுங்க தோழர். என்னை நம்பிச் சொன்னது."

மாராத்தாள் தலையாட்டினார். மடித்த நோட்டீஸின் விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். பிறகு சொன்னார்:

"எங்களுக்கு அப்ப ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு. நோட்டீஸ் கொடுக்கற அன்னைக்கு, எழுதினவங்க மில் வாசல் பக்கமே வரக் கூடாது. பெரிய ஸ்ட்ரைக் நேரம். ஒரு நோட்டீஸ் எழுதியிருந்தேன். எனக்கே பெருமையா இருந்துச்சு. ஜனங்க படிக்கறப்ப அவங்க மூஞ்சியைப் பாக்கணும்னு ஆசை. போயிட்டேன்."

"வாசலுக்கா?"

"எதுத்தாப்புல, டீக்கடை ஓரமா நின்னேன். சங்கு ஊதினாங்க. ஷிப்ட் விட்டு வந்தவங்கள்ல நூல் சுத்தற வைண்டிங் பிரிவுப் பொம்பளை ஒருத்தி, படிக்கத் தெரியாதவங்களுக்காகச் சத்தமாப் படிச்சா. 'பிள்ளை தொட்டிலில் பசித்துக் கிடக்கிறது, நம் மார்புப் பால் மிஷினுக்கு நடுவே வடிகிறது'ங்கற இடம் வந்துச்சு. அதுக்கு மேல அவளால முடியலை. கைக்குழந்தைக்காரி. கண்ணுல தண்ணி வந்து நின்னுட்டா."

"அப்புறம்?"

"அடுத்த வரியை நான் சொல்லிட்டேன். 'இனியும் குனிய நமக்கு முதுகில்லை.' நின்ன இடத்துல இருந்தே. கையில நோட்டீஸ்கூட இல்லை."

கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு இடையே மாராத்தாள் இன்னொரு நோட்டீஸை மடித்து வைத்தார்.

"எல்லாரும் திரும்பினாங்க. 'அக்கா, நீங்களா எழுதினது?'ன்னு ஓடி வந்து கட்டிப் பிடிச்சாங்க. அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, நான் அப்படி ஒரு சந்தோஷம் பட்டதில்லை."

"யார் காட்டிக் கொடுத்தது?"

"யாருமே இல்லை. ஒருத்தி அவ தங்கச்சிகிட்ட ஆசையாச் சொன்னா. தங்கச்சி புருஷன்கிட்டப் பெருமையாச் சொன்னா. நாலாம் நாள் நான் அச்சாபீசுக்குப் போறப்ப போலீஸ்காரன் ஒருத்தன் பின்னாலயே வந்திருக்கான். எனக்குத் தெரியாது."

"உங்களைப் பிடிச்சாங்களா?"

"என்னையா? ஒரு பொம்பளை, அதுவும் அஞ்சாங்கிளாஸ், இப்படி எழுதுவாளான்னு இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம். அங்க அச்சுக்கோத்த ஆரோக்கியசாமியைத்தான் கொண்டுபோனாங்க. அவர்தான் எழுதினார்னு கேஸ் எழுதிக்கிட்டாங்க."

"நீங்க போய் உண்மையைச் சொல்லலையா?"

"ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு நாள் நின்னு சொன்னேன். சிரிச்சாங்க."

நவநீதன் நோட்டீஸைக் கீழே வைத்தான்.

"ஏழு மாசம் கழிச்சு வெளியே வந்தார். வலது கையில மூணு விரல் மடங்கலை. அதுக்கப்புறம் அவர் ஒரு எழுத்துக்கூடக் கோக்கலை. என்னை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. அவர் பேரை நான் யார்கிட்டயும் சொல்லலை, நவநீதா. என் பேரைக்கூடச் சொல்லலை. ஒரு வரிதான் சொன்னேன்."

அலைபேசியின் திரை எப்போதோ அணைந்திருந்தது. நவநீதன் அதை எடுத்து, எழுதி வைத்திருந்ததைத் திறந்தான். போன் நம்பரை அழித்தான். கம்பெனியை அழித்தான். தன் பெயருக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கி, அதையும் அழித்தான். 'அன்புள்ள கரிசல்' என்பது மட்டும் மிச்சமிருந்தது.

"அவன் மனசு நோகும் தோழர்."

"நோகும்."

"தினமும் எதிர்பார்த்துக் காத்திருக்கான். நான் அவனுக்கு வேற என்னத்தைக் கொடுக்கறது?"

மாராத்தாள் கடைசி நோட்டீஸை மடித்துக் கட்டின் மேல் வைத்தார்.

"அந்தப் பொம்பளை கையிலதான் நோட்டீஸ் இருந்துச்சு. நான் கொஞ்சம் பொறுத்திருந்தா, கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுத்த வரியை அவளே படிச்சிருப்பா."