செக்கு வீட்டு மூஞ்சூறும் கீச்சுக் குரலும்

அந்தக் காலத்தில், எலியும் பூனையும் நம்மைப்போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு செக்கு வீட்டில் வீராயி என்றொரு மூஞ்சூறு தன் குட்டிகளோடு குடியிருந்தாள்.

மூஞ்சூறுக்குக் கண் மங்கல். அதனால் வெளியே கிளம்பினால் தாய் முன்னால் போவாள். அவள் வாலடியை ஒரு குட்டி கவ்விக்கொள்ளும், அதன் வாலடியை அடுத்தது, இப்படியே கடைக்குட்டி வரைக்கும். தாய் வாய்க்குள்ளேயே மெல்லக் கீச்சிட்டுக்கொண்டு நடப்பாள். பிடி நழுவினாலும், அந்தச் சத்தத்தைத் தொட்டுக்கொண்டு குட்டி வந்து சேர்ந்துவிடும். பிள்ளைகளுக்குக் கேட்டால் போதும் என்கிற அளவுக்குத்தான் அந்தச் சத்தம்.

அது பொறுக்கவில்லை மாயாண்டிக்கு. மாயாண்டி என்பது அந்த வீட்டுப் பூனை. அங்கே அவன் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் எல்லோரையும் கூட்டினான்.

"அவங்கவங்க குரலுக்கு ஒரு பேரு வைப்போம்" என்றான். "புறாவோடது குனுகல். வண்டோடது ரீங்காரம். என்னோடது கொஞ்சல்."

அப்புறம் வீராயி பக்கம் கண்ணைக் காட்டினான்.

"வீராயி கத்துறாளே, அதுக்கு என்ன பேரு?"

"கீச்சு!" என்றது புறா.

"காதுல ஊசியை விட்டுத் திருகுற மாதிரி இருக்கு மாமா" என்றது பல்லி.

"ஓட்டாஞ்சில்லால கல்லைச் சுரண்டுற மாதிரி. எனக்குப் பல்லே கூசுது" என்றது அணில். கேட்டீர்களா அநியாயத்தை! அணிலுக்குப் பல் கூசியதாம்!

"நாளைக்கு முற்றத்துல எள்ளு காயப் போடுறாங்க. பூச்சி பொட்டு நிறைய வரும்" என்றான் மாயாண்டி. "சத்தம் போடாம வந்தா வா, வீராயி. இல்லேன்னா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வேற கூரை பாத்துக்க."

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கண் தெரியாத குட்டிகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? "சரிங்க" என்றாள்.

மறுநாள் வாயை இறுக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். பாதி முற்றத்தில் கடைக்குட்டிக்கு எள்ளில் கால் சறுக்கியது, பிடி விட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தாயின் சத்தம் எந்தப் பக்கமும் இல்லை. உத்தரத்தில் இருந்த புறா எல்லாவற்றையும் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

சுவரோரம் சேர்ந்த வீராயி, ஒவ்வொரு குட்டியாக மூக்கால் தடவிப் பார்த்தாள். கடைசியில் வெறுந்தரைதான் தட்டுப்பட்டது. திரும்பி முகர்ந்தாள். பூனை வாடை. அந்த வாடைக்குள்ளே தன் பிள்ளை வாடை.

அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து கத்தினாள் பாருங்கள், கூரை ஓடு அதிர்ந்தது. கத்திக்கொண்டே ஓடிப்போய் மாயாண்டியின் காதிலேயே ஏறிக் கத்தினாள். அவனுக்குத் தலை கிறுகிறுத்து வாய் தானாகப் பிளந்தது. எச்சிலோடு குட்டி கீழே விழுந்தது. உயிர் இருந்தது.

"ஐயோ, காது போச்சே!" என்று அலறியது பல்லி.

"போகட்டும்!" என்றாள் வீராயி. "இந்தச் செக்கு விடிஞ்சதுலேர்ந்து கிறீச் கிறீச்சுனு கத்துதே, அதுக்கு எவனாவது காதைப் பொத்துனீங்களா? அது புண்ணாக்கு போடுது, அதனால கூசல. பெத்தவ பிள்ளையைக் கூப்பிட்டாத்தான் உங்களுக்குக் கூசுதா? ஏய் புறா, குனுகத் தெரிஞ்ச உனக்கு 'பூனை வருது'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா? கீச்சுன்னு வச்சுக்க, ஊசின்னு வச்சுக்க, என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்க. இனிமே நான் வாய்க்குள்ள கூப்பிட மாட்டேன்!"

மாயாண்டி முன்காலால் காதைத் தேய்த்துக்கொண்டு செக்குக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான்.

அன்று முதல்தான் பூனை மூஞ்சூறைக் கவ்வினாலும் தின்னாமல் விட்டுவிட்டுப் போகிறது. மூஞ்சூறும் சுவரோரம் ஓடும்போதெல்லாம், யார் காது கூசினாலும் சரியென்று, கடைசிப் பிள்ளைக்கும் கேட்கும்படி கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டே ஓடுகிறது.