ஊற்றங்கரையில் ஒரு மௌனச் சட்டம்

கோடை வந்ததும் அந்தக் காட்டாறு வற்றிவிடும். வெறும் மணல்தான் கிடக்கும். அப்போது ஒற்றைத்தந்தம் என்ற கிழட்டு யானை வந்து, ஆற்று வளைவில், பெரிய மருதமரத்தின் கீழே மணலைத் தோண்டும். முட்டளவு ஆழத்தில் ஊற்று சுரக்கும். அக்கம்பக்கத்து மிருகங்கள் எல்லாம் அதைக் குடித்துத்தான் கோடையைக் கடந்தன. தோண்டியது யானை என்பதால், ஊற்றுக்குத் தலைமையும் அதுவே.

ஊற்றில் இரண்டே சட்டம். தண்ணீரைக் கலக்கக் கூடாது. ஆபத்தைக் கண்டவர் உடனே குரல் கொடுக்க வேண்டும். யார் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள் என்று யானை ஒருநாளும் கேட்டதில்லை.

புள்ளிமான்கள் மழைத்தாயைக் கும்பிட்டன. சூரியன் உச்சிக்கு வந்ததிலிருந்து, மருதமரத்தின் நிழல் சாய்ந்து ஊற்றுப்பாறையைத் தொடும்வரை அவை வாய்திறக்காது. அந்த மௌனத்தில் தண்ணீர் குடித்தால் மழைத்தாய் மனமிரங்குவாள் என்பது அவற்றின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

செவலை என்ற பெண்மான் அந்த விரதத்தை ஒருநாளும் விட்டதில்லை. போன கோடையில் அதன் குட்டி தாகத்தால் செத்துப்போனது. இந்தக் கோடையில் இன்னொரு குட்டி. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதுவாவது பிழைக்க வேண்டும் என்றுதான் செவலை தினமும் வாய்மூடி நின்றது.

மரத்தின் மேலே மந்திகள் இருந்தன. மூத்த மந்தி கரிமூஞ்சிதான் காவல். உச்சிக்கிளையில் உட்கார்ந்து நாலு திசையும் பார்க்கும். செந்நாய்கள் வந்தால் கத்தும். விரத நேரமானாலும் கத்தும். மான்கள் ஓடித் தப்பும். ஆனால் கரிமூஞ்சிக்கு வாய்க்கொழுப்பும் உண்டு. தின்ற காயின் கொட்டையை விரதமிருக்கும் மானின் முதுகில் போட்டுவிட்டு, மழைத்தாய் முதல் துளியை அனுப்பிவிட்டாள் என்று கேலி செய்யும். மான்களுக்கு எரிச்சலாக வரும். செவலைக்கும்தான்.

அந்த எரிச்சலை ஒரு மான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. அதன் பெயர் கவைக்கொம்பு. மந்தைக்குத் தலைமை தாங்கும் ஆண்மான். அது ஒருநாள் யானையிடம் போய், மான்களின் மௌனத்தை ஊற்றின் சட்டமாக்க வேண்டும் என்று கேட்டது. உச்சிவேளையில் மான், மந்தி, பன்றி, மயில் யாருமே சத்தம் போடக்கூடாதாம்.

"உங்கள் விரதத்தைப் பன்றி ஏன் காக்க வேண்டும்?" என்று யானை கேட்டது.

"அவர்கள் போடும் சத்தத்தில் எங்கள் விரதம் கெடுகிறது, ஐயா."

இத்தனை வருடம் கெடாத விரதம் இப்போது எப்படிக் கெட்டது என்று யானை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊற்றில் குடிப்பவர்களில் பாதிக்கு மேல் மான்கள். சட்டம் வந்தால் ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் முன்னால் மந்தை முழுவதும் ஐயாவின் பெயரைச் சொல்லும் என்றது கவைக்கொம்பு. வராவிட்டால், கீழ்வளைவில் இன்னொரு யானை தோண்டுகிறதாம், மந்தை அங்கே போய்விடும் என்றும் சொன்னது. தலைமை போய்விடுமோ என்ற பயம் யானையைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே சட்டம் வந்தது.

"ஐயா, எங்கள் மூக்குக்குச் சத்தமில்லாமல் குடிக்கத் தெரியாதே" என்று காட்டுப்பன்றி முறையிட்டது. பழகிக்கொள் என்று யானை சொல்லிவிட்டது.

பத்து நாள் போயிற்று. ஓர் உச்சிவேளையில் நாணலுக்குள் செந்நாய்கள் வந்தன. கரிமூஞ்சி பார்த்தது. சட்டம் அதற்கும் தெரியும். ஆனாலும் தொண்டை கிழியக் கத்தியது. மான்கள் சிதறி ஓடின. நாணலுக்குப் பக்கத்தில் நின்றது செவலையின் குட்டிதான். மயிரிழையில் அதுவும் தப்பியது. அன்று ஓர் உயிரும் போகவில்லை.

அன்று மாலையே கரிமூஞ்சியை விசாரணைக்கு அழைத்தார்கள்.

"உன்னை யார் கத்தச் சொன்னது?" என்றது கவைக்கொம்பு.

"ஆபத்தைக் கண்டால் கத்து என்று சட்டம் போட்டது இதோ நிற்கிறாரே, இந்த ஐயாதான்."

"அது மண்ணின் சட்டம். மௌனம் வானத்தின் சட்டம். எது பெரியது?"

"இவன் கத்தியதால்தானே நீங்கள் பிழைத்தீர்கள்?" என்று யானை மெதுவாகக் கேட்டது.

"காப்பாற்றியது மழைத்தாய். இவன் வெறுமனே கத்தினான். அவ்வளவுதான்."

கரிமூஞ்சி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. அதன் கண் செவலையிடம் வந்து நின்றது. "தங்கச்சி, நான் கொட்டை போட்டதெல்லாம் தப்புதான். ஆனால் உன் குட்டி பிழைத்ததே. அதையாவது இவர்களிடம் சொல்லேன்."

செவலை தலையைக் குனிந்தது. இல்லாத புல்லை மேய்வது போல மணலை முகர்ந்தது. சட்டம் நம் பக்கம் இருக்கும்போது நாம் ஏன் பேச வேண்டும் என்று அது நினைத்தது. மற்ற மான்களும் பேசவில்லை. பன்றியும் மயிலும்கூடப் பேசவில்லை. உச்சிவேளை முடிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் அப்போது அவர்கள் வாயைக் கட்டவில்லை. ஆனாலும் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

மந்திக் கூட்டத்துக்குக் கோடை முடியும்வரை தண்ணீர் கிடையாது என்று தீர்ப்பானது. அதை யானையே சொன்னது. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. மந்திகள் குட்டிகளை வயிற்றில் தூக்கிக்கொண்டு, தண்ணீர் தேடி மலைக்குப் போயின. மருதமரம் காலியானது.

இப்போதுதான் உண்மையான மௌனம் வந்திருக்கிறது என்று கவைக்கொம்பு மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சியில் தண்டனையை இன்னும் இறுக்கியது. மௌனத்தைக் கலைப்பது மானாக இருந்தால் அதன் குட்டிக்கும் சேர்த்துத் தண்ணீர் நிறுத்தப்படும். யானை அதற்கும் தலையாட்டியது.

நாலாம் நாள் உச்சிவேளை. செவலை குடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தது. நாணலுக்குள் ஏதோ செம்பட்டையாக அசைந்தது.

கத்த வாயெடுத்தது. அதே நேரத்தில் தண்டனை நினைவுக்கு வந்தது. தண்ணீர் இல்லாமல் குட்டி இரண்டு நாள் தாங்காது. போன கோடையில் செவலை அதைக் கண்ணால் பார்த்திருக்கிறது. அது காற்றாக இருக்கலாம். காய்ந்த நாணலாக இருக்கலாம். இன்னும் ஒரு மூச்சு பொறுத்துப் பார்க்கலாம். செவலை மரத்தை அண்ணாந்து பார்த்தது. கிளையில் யாரும் இல்லை.

அந்த ஒரு மூச்சே செந்நாய்களுக்குப் போதுமாக இருந்தது.

மந்தை ஓடியது. செவலையும் ஓடியது. பிறகு திரும்பி வந்து பார்த்தது. மணலில் சின்னக் குளம்புத் தடங்கள் கொஞ்சதூரம் போயிருந்தன. அதற்கு மேல் இல்லை.

மாலையில் எல்லோரும் ஊற்றங்கரையில் கூடினார்கள். கவைக்கொம்பு முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசியது. "மௌனம் கலையாமல் போன குட்டி. கொடுத்துவைத்தது. மழைத்தாய் அதை மடியில் வைத்துக்கொள்வாள்."

"வாயை மூடு!" என்றது செவலை.

ஊற்றங்கரையில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை.

"நான் ஐந்து கோடையாக வாய்மூடி நின்றேன். அதெல்லாம் மழைத்தாய்க்காக. இன்றைக்கு மூடியது அவளுக்காக இல்லை. உன் தண்டனைக்குப் பயந்து மூடினேன். என் குட்டியையும் பறித்தாய், என் விரதத்தையும் பறித்தாய். இனி நான் எதைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிற்பேன்?"

பிறகு அது யானையின் பக்கம் திரும்பியது. "இவன் கொம்பு வளர்ந்த மூடன், ஐயா. இவன் கேட்பான். கொடுத்தது நீங்கள். மந்தியண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டபோது தலைகுனிந்தது நான்."

யானை சாக்குச் சொல்லத்தான் முதலில் வாயெடுத்தது. சாக்குச் சொல்லத்தான் முதலில் வாயெடுத்தது. பிறகு அதை விழுங்கிக்கொண்டது.

"எனக்கு மண்ணைத் தோண்டத் தெரியும்" என்றது கடைசியில். "மழைத்தாய்க்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நான் சட்டம் போட்டேன். என் பெயரை நாலு வாய் சொல்லும் என்பதற்காகப் போட்டேன். அந்தச் சட்டம் இன்றோடு இல்லை. விரதமிருப்பவர்கள் இருக்கலாம். அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. அடுத்தவர் வாயைக் கட்ட மட்டும் இங்கே ஆள் இல்லை."

மந்தையோடு கீழ்வளைவுக்குப் போய்விடுவேன் என்று கவைக்கொம்பு மிரட்டியது. போ என்றது யானை. பாதி மந்தை அதன் பின்னால் போனது. அங்கே அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் வந்து சொல்லவில்லை.

யானை தனியாக மலையேறியது. கரிமூஞ்சி ஒரு பாறைமேல், விலா எலும்பு தெரிய உட்கார்ந்திருந்தது. மந்திக்குட்டிகளில் இரண்டைக் காணவில்லை. யானை தும்பிக்கையைத் தரையில் வைத்தது.

"மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றது கரிமூஞ்சி. "மறுபடி நான் கத்தினால் என்ன செய்வீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்."

"அடுத்த நாளும் உனக்குத் தண்ணீர் உண்டு."

மந்திகள் உடனே வரவில்லை. ஏழாம் நாள்தான் வந்தன.

அன்று உச்சிவேளையில் செவலை மருதமரத்தின் கீழே தனியாக வாய்மூடி நின்றது. கரிமூஞ்சி மேலே தன் குட்டிகளையெல்லாம் அதட்டி அமைதியாக்கி வைத்திருந்தது. ஒரு கொட்டைகூட விழவில்லை. நிழல் பாறையைத் தொட்டதும், தான் இனி அந்த நேரத்தில் வாய்திறக்கப்போவதில்லை என்று கரிமூஞ்சி கீழே பார்த்துச் சொன்னது.

செவலை அண்ணாந்து பார்த்தது. "நீ பார்த்தால் கத்து, அண்ணே. என் மௌனத்தை என் வாயில் வைத்திருக்கிறேன். உன் வாயில் இல்லை."

ஒருவரின் விரதத்தை எல்லோர் வாய்க்கும் பூட்டாக மாட்டும் ஆட்சி ஊரின் காவலையும் கொல்கிறது, அந்த விரதத்தையும் கொல்கிறது. தலைகுனிந்து பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் அந்தக் கொலையில் பங்கு உண்டு.