ஐம்பத்தாறு தேசத்து மண்கூடை

முன்னொரு காலத்தில், ஒரு பேரரசு முடிந்துபோயும், முடிந்துவிட்டது என்று அதனிடம் சொல்ல யாருக்கும் வாய் வராத ஒரு தலைநகரம் இருந்தது. ராஜாவின் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் ஐம்பத்தாறு தேசம் அதற்குத் தலைவணங்கியதாம். மகுடவர்ம மகாராஜா பட்டத்துக்கு வந்தபோது மிச்சம் இருந்தது ஒரு கோட்டை, ஓர் ஏரி, ஏரித் தண்ணீர் பாயும் நாலு கிராமம். யானைக் கொட்டாரத்தில் ஒரே ஒரு யானை. அதுவும் படுத்தால் எழுந்திருக்க ரொம்ப நேரம் யோசிக்கும்.

ஆனால் கட்டியக்காரன் பழைய பாடத்தில் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. ராஜா தினமும் சபைக்குள் நுழையும்போது, கீழ்கடலும் மேல்கடலும் அவர் காலடியில் என்று ஆரம்பித்து ஐம்பத்தாறு தேசத்தையும் சொல்லி முடிப்பான். அதுவரை ராஜா வாசலிலேயே நிற்பார். மூட்டுவலிக்காரர், பாவம். ஆனாலும் அசையமாட்டார்.

நாடு சுருங்கிவிட்டது என்று சொல்பவன் நாக்கை அறுக்க வேண்டும் என்று ராஜாவின் பாட்டனார் சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதனால் கைவிட்டுப்போன தேசங்களின் ஆசனங்களைச் சபையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் போய்விட்டது என்று ஆகிவிடுமே. உரிய அரசர் வந்து சேரும்வரை என்று சொல்லி அரண்மனைப் பெரியவர்களே அவற்றில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆசனத்தோடு அந்தத் தேசத்துத் தலைப்பாகை உண்டு. விருந்து நாளில் தேசத்துக்கு ஓர் இலையும் உண்டு. பிரதானி அனவரதநாதரிடம் மட்டும் பதினோரு தேசம். விருந்தென்றால் அவருக்குப் பதினோரு இலை விழும். ஒன்றில் சாப்பிடுவார், மற்ற பத்தும் தூக்குப்பாத்திரத்தில் வீட்டுக்குப் போகும்.

சபையில் ஒரு தேசமும் இல்லாத ஆள் விகடன் சடையாண்டி மட்டுந்தான். தூணோரம் நிற்பான். ராஜா நாளுக்கு ஒருமுறையாவது சிரித்தால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வரும். பிரதானியின் நீளமான பேச்சுக்கெல்லாம் தலையாட்டும் ராஜா, இவன் அரை வார்த்தை சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பிரதானிக்கு அதுதான் எரிச்சல்.

ராஜாவுக்கு அறுபது வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது, பழைய ஓலை ஒன்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கொள்ளுப்பாட்டனாரின் பிறந்தநாளில் ஐம்பத்தாறு அரசர்களும் நேரில் வந்து, ஆளுக்கொரு கூடை மண்ணைத் தங்கள் தலையிலேயே சுமந்து ஏரிக்கரையில் கொட்டி வணங்கினார்களாம். ஏரிக்கரை எழும்பியதே அப்படித்தானாம். ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. தமக்கும் அந்த மரியாதை நடக்கவேண்டும் என்றார்.

பிரதானி எழுந்து கைகூப்பினார். "பிரபு, இந்த அரிய காரியத்துக்குத் தகுந்தவர் நம் சடையாண்டியே. ஐம்பத்தாறு அரசர்களையும் அழைத்து நிறுத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தருள வேண்டும். இயலாது என்றால், ஏன் இயலாது என்பதையும் அவரே சபையில் விளக்கட்டும்."

ஏன் இயலாது என்று விளக்கினால் நாக்கு போகும். சபையில் எல்லாருக்கும் அது புரிந்தது. சடையாண்டி ராஜாவின் முகத்தைப் பார்த்தான். ராஜா செங்கோலில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உத்தரவு" என்று சடையாண்டி குனிந்து சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி செங்கமலம் முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த ராஜாக்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றாள். பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேர் நம்மை ஜெயித்து ஜெயித்துச் சலித்துப்போய்த் திரும்பிவிட்டார்கள் என்றான் சடையாண்டி.

"உன் நாக்கு போனா வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்யா. ஆனா அதுதானே நமக்குச் சோறு போடுது" என்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. "மனுசன் கஷ்டம் இவங்களுக்கு என்ன தெரியும்? போன மழையில கரை உடைஞ்சு கெடக்கு. இந்த மழையும் வந்தா நாலு ஊரு நெல்லும் போச்சு. வர்ற ராசாக்களை அந்த உடைப்புலயே கொட்டச் சொல்லு, புண்ணியமாப் போகும்."

உடைப்பைப் பற்றிக் கிராமத்தார் மூன்று தடவை மனுக் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தாறு அரசர்கள் எழுப்பிய கரை உடையாது என்று எழுதிப் பிரதானி மூன்றையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

மனைவி சொன்னதைச் சடையாண்டி பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்துபோய்க் கூடை முடைபவர்களிடம் ஐம்பத்தாறு கூடை சொன்னான். நல்ல அகலமாக இருக்கட்டும், ராஜாக்கள் தூக்குவது என்றான். செய்தி கேட்டுப் பிரதானி வீட்டில் மூன்று நாள் சிரித்தார்கள்.

பிறந்தநாளும் வந்தது. சடையாண்டி திணறுவதைக் கண்குளிரப் பார்க்கவேண்டும் என்று பிரதானி முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விருந்துக்கு முன்னால் கட்டியக்காரன் ஒவ்வொரு தேசமாகக் கூப்பிடுவான். ஆசனத்தில் இருப்பவர் "வந்தோம், பணிந்தோம்" என்று சொல்லவேண்டும். சொல்லாத தேசத்துக்கு இலை கிடையாது. அன்றைக்கும் மடைப்பள்ளியிலிருந்து நெய் மணம் வந்துகொண்டிருந்தது. கட்டியக்காரன் கூப்பிட்டான். முப்பது வருஷப் பழக்கம். முத்துத்தீவு வந்தது, பணிந்தது. பனிக்கோட்டம் வந்தது, பணிந்தது. பிரதானி பதினோரு தடவையும், தேசத்துக்குத் தேசம் குரலைச் சற்று மாற்றி, வந்தார், பணிந்தார்.

ஐம்பத்தாறும் முடிந்ததும் சடையாண்டி தூணைவிட்டு முன்னே வந்தான்.

"பிரபு, தாங்கள் அழைத்து வரச்சொன்ன அரசர்கள் அனைவரும் வந்துவிட்டார்கள். வந்தோம் என்று அவரவர் வாயாலேயே சொன்னதைச் சபை கேட்டது. கூடைகள் வாசலில் இருக்கின்றன. மண் சுமந்து முடித்தபின் இலை போடலாம்."

சபையில் தலைப்பாகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிரதானி எழுந்தார். "நாங்கள் அந்த அரசர்கள் அல்லர். அவர்கள் வரும்வரை இடத்தைக் காப்பவர்கள்."

"அப்படியானால் அந்த அரசர்கள் மூன்று தலைமுறையாக ஏன் வரவில்லை என்பதைப் பிரதானியார் விளக்கட்டும். நான் சிற்றறிவுள்ளவன்" என்றான் சடையாண்டி.

பிரதானி வாயைத் திறந்தார். உள்ளே நாக்கு இருப்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார். ராஜா முன்னால் சாய்ந்து, மிகுந்த அக்கறையோடு காத்திருந்தார். கடைசியில் பிரதானி மேலாடையை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

உடைப்புக்குப் பக்கத்தில் ராஜாவுக்குக் குடை பிடித்து ஆசனம் போட்டார்கள். பெரியவர்கள் தலைப்பாகையைச் சும்மாடாக்கி மண் சுமந்தார்கள். தேசத்துக்கு ஒரு கூடை. ஏழு தேசத்துத் தளபதி நாலாவது கூடையில் மூச்சு வாங்கிக்கொண்டு, பனிக்கோட்டத்தை விட்டுவிடுகிறேன், குளிர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார். ஐயோ, நாடு சுருங்கலாமா என்று சடையாண்டி பதறி, அவர் கூடையில் இன்னும் கொஞ்சம் மண் வைத்தான். பிரதானி ஏழாவது நடையில், தமக்கு எதற்கு இத்தனை தேசம் என்று வழியில் எருமை ஒன்றிடம் முணுமுணுத்தாராம். வேடிக்கை பார்க்க வந்த கிராமத்துச் சனங்களுக்குச் சும்மா நிற்க மனம் வரவில்லை. அவர்களும் கூடை எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் உடைப்பு மூடி, கரை ஓர் ஆள் அகலம் கூடுதலாகவே எழும்பிவிட்டது.

அப்போது ராஜா எழுந்து, மூட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கூடையை எடுத்தார். தடுக்க வந்தவர்களை விலக்கிவிட்டுச் சுமந்துபோய்க் கொட்டினார். திரும்பி வந்து சடையாண்டியின் தோளில் கைவைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"ஏண்டா, நாடு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? மாடியில நின்னா நாலு பக்கமும் எல்லை தெரியுது. அந்த ஆசனத்தையும் எடுத்துட்டா இந்தக் கெழங்களுக்கு வேற என்ன இருக்குன்னு பேசாம இருந்துட்டேன்."

"அப்ப என் நாக்கு, மகாராஜா?"

"அதை அறுக்க விட்டுடுவேனா? நான் சிரிக்கணுமேடா."

ராஜா நிமிர்ந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "பாட்டனார் போட்ட சட்டம் இன்றோடு நீங்கியது. சடையாண்டி, நம் நாடு எவ்வளவு? அஞ்சாமல் உள்ளதைச் சொல்."

இவன் என்ன சொல்லி மாட்டப்போகிறான் என்று பிரதானிகூடத் தலையில் மண்ணோடு ஆவலாக நின்றார். சடையாண்டி கோட்டையைப் பார்த்தான், நாலு கிராமத்தையும் பார்த்தான், ஈரமாக இருந்த புதுக்கரையைக் காலால் அழுத்திப் பார்த்தான்.

"காலையில் இருந்ததைவிட ஓர் ஆள் அகலம் கூடுதல், பிரபு. மூன்று தலைமுறையில் நாடு வளர்ந்தது இன்றைக்குத்தான்."

ராஜா சிரித்தார். கிரீடம் நழுவிச் சேற்றில் விழும்வரை சிரித்தார். மடையின் முதல் தண்ணீர் பாயும் வயலைச் சடையாண்டிக்கும் செங்கமலத்துக்கும் என்று அங்கேயே எழுதிக்கொடுத்துவிட்டு, மறுபடியும் சிரித்தார்.