அஞ்சி வளைத்த வில்

மலைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலத்தில், கண்ணுகளா, ஒரு மலையடியில் எயினி என்று ஒருத்தி இருந்தாள். இடி இடித்தால் அவளுக்குப் பயம். குழந்தை தும்மினால் பயம். வெகுநேரம் தும்மாமல் இருந்தால் அதற்கும் பயம்!

அவள் கணவன் வீட்டிலிருந்த ஒரே வில்லை எடுத்துக்கொண்டு உப்பு வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு காட்டுப்பன்றி அவர்கள் தினைக்கொல்லையில் புகுந்தது. ஒரே அந்தியில் பாதித் தினை போயிற்று. மீதியும் போனால் குழந்தைக்குக் கஞ்சி இல்லை.

"கவலைப்படாதே, வில் நான் செய்யறேன்" என்றான் கணவனின் அண்ணன் காரி. சடச்சி மரக்கம்பு ஒன்றை வெட்டினான். அனலே காட்டாமல் முழங்காலில் வைத்து அழுத்தினான். படார்!

"தள்ளுங்க, நான் செய்யறேன்" என்றான் தம்பி சாத்தன். கம்பை நெருப்புக்குள்ளேயே சொருகிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். எடுத்தால் பாதி கரி. வளைத்தான். படார்!

மூன்றாவது கம்பு எயினியின் கைக்கு வந்தது.

எண்ணெய் தடவினாள். தணலுக்கு மேலே எட்டவே பிடித்தாள். குழந்தைக்கு வெந்நீர் விளாவுகிறவள் போல, புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கம்பு இளகியதும் கொஞ்சமே வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.

"கட்டைக்குச் சுட்டுடுமோ அண்ணி? ஊதிவிடட்டுமா?" என்றான் சாத்தன்.

வில்லுக்கும் பிடிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கை உண்டல்லவா? நாண் பூட்டி ஒரு சாண் இழுத்துப் பார்த்தாள். ஒரு கை வளைந்தது, மறு கை விறைத்து நின்றது. வளைந்ததைத் தொடாமல், விறைத்ததை மட்டும் கத்தியால் சுரண்டினாள். இரண்டு சாண் இழுத்தாள், பார்த்தாள், சுரண்டினாள். மூன்று சாண் இழுத்தாள், பார்த்தாள், சுரண்டினாள்.

"வில் செய்யறியா, தாலாட்டறியா?" என்று காரி விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் அந்தியில் பன்றி வந்தது. எயினி வில்லைக் காரியிடம் நீட்டினாள். பாதி இழுத்ததுமே அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "இதுவும் ஒடிஞ்சு மூஞ்சியில அடிச்சா?" தம்பியிடம் தள்ளினான். தம்பிக்கு அந்த நொடி பார்த்துத் தோள்வலி வந்துவிட்டது.

"அப்போ குழந்தையையாவது பிடிங்க மாமா" என்று சொல்லி, எயினி வில்லை வாங்கினாள். காதுவரை இழுத்தாள். வில்லின் இரண்டு கையும் ஒன்றுபோல் வளைந்தன. அம்பு பறந்தது. பன்றி தினைத்தாளிலேயே சுருண்டு விழுந்தது.

குழந்தை நனைத்த இடுப்போடு நின்ற காரி கேட்டான்: "உனக்கா பயமில்லே?"

"ஒடியுமோ ஒடியுமோன்னு நேத்து முழுக்கப் பயந்துதானே மாமா செஞ்சேன்? என் பங்குப் பயத்தை அப்பவே பட்டுத் தீர்த்துட்டேன். நீங்கதான் உங்க பங்கை இன்னிக்குன்னு சேர்த்து வெச்சிருந்தீங்க!"

செய்யும்போது அஞ்சி அஞ்சிப் பார்த்துச் செய்தவர், வேண்டும்போது அஞ்சாமல் நிற்பார்.