சென்னியப்பன் உள்ளே போய்விட்டார்

நஸ்ரீனுக்கு வயது இருபத்தெட்டு. அவளுடைய சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு. வயதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வித்தை வருமா? அவர் பார்க்கவில்லை. வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

சென்னியப்பன் கோவையில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். மோட்டார் ஏன் புகைகிறது, தண்ணீர் ஏன் ஏறவில்லை என்றெல்லாம் ஒரு வலைப்பூவில் எழுதிவந்தார். விவசாயிகள் தேடி வந்து படித்தார்கள். ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் மோட்டாரைக் காணோம். பக்கம் முழுக்கச் சூதாட்ட விளம்பரம். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். அழாத குறையாக நஸ்ரீனிடம் ஓடி வந்தார். இணையத் திருடர்களைப் பிடிப்பதில் அவள் கெட்டிக்காரி.

ஒரு வருடம் விடாமல் படித்தார். தளத்தைப் புதிதாக வடிவமைத்தார். கடவுச்சொற்களை மாற்றினார், தளத்தில் ஒட்டவைத்திருந்த ப்ளக்-இன் என்னும் துணைநிரல்களில் ஓட்டையானவற்றைப் பிடுங்கி எறிந்தார். கடைசியில், ஊரில் நடக்கும் இணையப் பாதுகாப்பு மாநாட்டில் பேசவே அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எல்லாக் கதவையும் சாத்திட்டனுங்க டீச்சர். இனி திருடன் எந்த வழியா வருவானுங்க?"

"மாநாட்டுல சொல்றேங்கண்ணா," என்றாள் நஸ்ரீன்.

அந்த நாளும் வந்தது. சென்னியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி போய் இறங்கினார். வாசலில் இருந்த பெண் அவருடைய நுழைவுப் பாஸில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாள். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சார், சென்னியப்பன் உள்ள போயிட்டாரே."

"அம்மிணி, நான்தான் சென்னியப்பன்!"

ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். அவள் பார்த்தாள்.

"பேரெல்லாம் சரிதான் சார். ஆனா ஒரு பாஸுக்கு ஒருத்தர்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

உள்ளே மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்கள். சென்னியப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. போனை எடுத்தார்.

"டீச்சர், எவனோ என் பேர்ல உள்ள பூந்துட்டானுங்க! என்னை விடமாட்டேங்கறாங்க!"

"பதறாதீங்க. இதோ வர்றேன்."

நஸ்ரீன் உள்ளேயிருந்து வந்தாள். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'சென்னியப்பன், பேச்சாளர்' என்று இருந்தது.

"நீங்களா?"

"நேத்து உங்க வலைப்பூவுல பாஸை போட்டோ எடுத்துப் போட்டிருந்தீங்களே. க்யூஆர் கோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதைக் காட்டினேன், அட்டையைக் கையில குடுத்துட்டாங்க. என் மூஞ்சியைக்கூடப் பார்க்கலை."

சென்னியப்பனின் முகம் சுண்டிப்போனது. அந்தப் படத்துக்குக் கீழே, 'இனி எவனும் என்னிடம் வாலாட்ட முடியாது' என்று வேறு எழுதியிருந்தார்.

நஸ்ரீன் வாசல் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னாள். தன் சொந்தப் பாஸைக் காட்டிப் பதிந்துகொண்டாள். பிறகு அவருடைய அட்டையைக் கழற்றி அவர் கழுத்தில் மாலை போல மாட்டினாள்.

"ஓடுங்கண்ணா!"

ஓடினார். தயாரித்து வைத்திருந்த படங்களில் ஒன்றைக்கூட மேடையில் காட்டவில்லை.

"ஏனுங்க, இப்பத்தான் வாசல்ல என்னையே நான் இல்லைன்னு நிறுத்திப்போட்டாங்க," என்று ஆரம்பித்தார். அரங்கம் சிரித்தது. பாஸைப் படம் பிடித்துப் போட்ட கதைக்கு வந்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. ஆளாளுக்குப் போனை எடுத்துக் குனிந்துகொண்டார்கள்.

போரடித்துவிட்டோமோ என்று அவருக்குப் பக்கென்றது. அப்போதுதான் முன்வரிசையில் ஒரு பெரிய நிபுணரைக் கவனித்தார். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, திரையை அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. அத்தனை பேரும் தாங்கள் இணையத்தில் போட்டிருந்த பாஸின் படத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள்!

சென்னியப்பனுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது.

"மெதுவா அழிங்க சாமி! நான் எங்கயும் போகலை!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இறங்கியதும் நேராகக் குருவைத் தேடிப் போனார். நஸ்ரீன் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தீங்களா டீச்சர்! எத்தனை பெரிய ஆளுங்க, அத்தனை பேரும் அழிச்சாங்க!"

"பார்த்தேங்கண்ணா," என்றாள். தலை நிமிரவில்லை.

அவள் கையிலும் போன் இருந்தது. சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். திரையில் அவளுடைய பாஸின் படம். கோடு பளிச்சென்று தெரிந்தது. கீழே ஒரு வரி: 'என் மாணவர் பேசுவதைக் கேட்கப் போகிறேன்!'



"டீச்சர்... உங்களுக்குத் தெரியாததுங்களா? நீங்க எப்படி..."

நஸ்ரீன் நிமிர்ந்தாள். காதுவரை சிவந்திருந்தது.

"சந்தோஷமா இருந்துச்சுங்கண்ணா."